குளவி முதுகில் ஒரு ஜன்னல்

டமால் என்று விழுந்தது 'தஸ்லிம் துப்பறியும் நிலையம்' என்று எழுதிய தகர போர்டு.

வந்தவர் கதவைத் தள்ளிய வேகம் அப்படி. ஆணி கழன்று ஒரு பக்கம் ஓட, போர்டு ஒரு பக்கம் உருள, இரண்டையும் தாண்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. தலையில் தொழுகைத் தொப்பி. தொழிற்சாலையின் நீலச் சட்டை. நெஞ்சோடு அணைத்துப் பிடித்த கேமரா பை.

"அந்த ஆணி ரொம்ப நாளா விடுதலை கேட்டுக்கிட்டு இருந்துச்சு. நீங்க வந்து தீர்ப்பு சொல்லிட்டீக," என்றான் வெள்ளைச்சாமி. "உக்காருங்க பாய்."

வெள்ளைச்சாமி விருதுநகர் பக்கத்து ஆள். ஓசூர் சிப்காட்டில் செக்யூரிட்டி வேலை பார்த்தவன். பணி நேரத்தில் தூங்கியதாகச் சொல்லி ஒரு கம்பெனி அனுப்பியது. தூங்கவில்லை, கண்ணை மூடி யோசித்தேன் என்று வாதாடியதற்காக அடுத்த கம்பெனி அனுப்பியது. அதற்கப்புறம்தான் தஸ்லிமிடம் உதவியாளனாகச் சேர்ந்தான்.

தஸ்லிம் முன்பு இன்சூரன்ஸ் சர்வேயர். எரிந்த கடைகளையும் நசுங்கிய லாரிகளையும் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது அதே வேலையை பாகலூர் சாலையில் ஒரு ஃபிளெக்ஸ் கடையின் மாடியில் உட்கார்ந்து சொந்தமாகச் செய்கிறாள்.

"ஸலாம் அலைக்கும். முதல்ல டீயைக் குடிங்க. அப்புறம் சொல்லுங்க," என்றாள்.

அவர் டம்ளரை எடுத்தார். அது கையில் ஆடியது. டீ விளிம்பில் தளும்ப, குடிக்காமலே மேஜையில் வைத்துவிட்டார்.

"என் பேரு ஃபக்ருதீன். கியர் கம்பெனியில குவாலிட்டி இன்ஸ்பெக்டர். கூட இருந்தே ஒருத்தன் எனக்குக் குழி பறிச்சிட்டான் மேடம்."

பையிலிருந்து ஒரு பெரிய வண்ணப்படத்தை எடுத்து மேஜையில் விரித்தார்.

படத்தை நிறைத்து ஒரு குளவி நின்றது. கறுப்பு உடம்பில் பச்சை மினுமினுப்பு. கண்ணாடி போலப் பளபளக்கும் முதுகு. காலடியில் பழுப்பு நிறப் பொட்டல். அதில் அங்கங்கே வெள்ளையாகச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். பின்னால் ஒரு வெள்ளை வரப்பு.

"நேர்ல பார்த்தா இது கடுகு அளவுகூட இருக்காது. லென்ஸைத் திருப்பி மாட்டி, மூச்சை அடக்கிப் பிடிச்சாத்தான் இப்படிக் கிடைக்கும்," என்றார் ஃபக்ருதீன்.

வெள்ளைச்சாமி எட்டிப் பார்த்தான். "மொச்சைக்கொட்டை மேல ஏறி நிக்கிற கணக்கா இருக்காரே. மேலாப்ல கொஞ்சம் தேங்காய்ப்பூ வேற தூவியிருக்கு."

"உனக்கு எதைப் பார்த்தாலும் தீனிதான்," என்றாள் தஸ்லிம்.

"அது மரப்பட்டை தம்பி. ஜவளகிரி காட்டுல எடுத்தது," என்று சிடுசிடுத்தார் ஃபக்ருதீன். "பெங்களூர்ல ஒரு பூச்சி ஆராய்ச்சி அம்மா இருக்காங்க. இதைப் பார்த்துட்டு, இதுவரைக்கும் யாரும் பதிவு பண்ணாத இனமா இருக்கலாம்னு சொல்லியிருக்காங்க. உறுதியாச்சுன்னா கண்டுபிடிச்சவங்க பேரையே பூச்சிக்கு வைப்பாங்களாம். ஆனா அவங்களுக்குப் படத்தை அனுப்பினது நானில்ல. பிரதாப்."

"யாரு பிரதாப்?"

"எங்க ஷாப்புல கான்ட்ராக்ட் லேபர். பெரம்பலூர்ப் பையன். கேமரா பிடிக்கக் கத்துக் குடுத்ததே நான்தான். ஞாயித்துக்கிழமையானா என் வண்டியில பின்னாடி உக்கார வெச்சு ஜவளகிரிக்குக் கூட்டிட்டுப் போனேன். என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு, கம்பெனி லாக்கர்ல இருந்து என் மெமரி கார்டை எடுத்துட்டான். கேன்டீன்ல அவன் போன்ல இந்தப் படத்தைப் பார்த்தப்ப என் வயிறு எரிஞ்சுபோச்சு. கம்ப்ளெயின்ட் குடுத்துட்டேன். இன்னைக்குச் சாயந்திரம் ஹெச்.ஆர்.ல விசாரணை."

"நிரூபணமானா?"

"வேலை போயிடும். அடுத்த மாசம் பர்மனென்ட் ஆக வேண்டியவன். போகட்டும்."

அந்தப் 'போகட்டும்' தஸ்லிமின் காதில் சற்று அழுத்தமாகவே விழுந்தது.

"நான் என்ன செய்யணும்?"

"இந்தப் படம் என் கேமராவுல எடுத்ததுன்னு ஒரு லெட்டர். அது மட்டும் போதும். உங்களுக்குச் சிரமமே இல்ல. இங்க பாருங்க." குளவிப் படத்தின் வலது மூலையைத் தொட்டுக் காட்டினார். மங்கலான ஒரு புள்ளி. "கேமராவுக்குள்ள உக்கார்ந்திருக்கிற தூசி. எதை எடுத்தாலும் அதே இடத்துல விழும். இது இன்னைக்குக் காலையில நான் எடுத்த எறும்பு. இதுலயும் அதே மூலை, அதே புள்ளி."

புள்ளி அப்படியே பொருந்தியது. எறும்புதான் கொஞ்சம் கலங்கியிருந்தது.

"அவசரத்துல எடுத்தேன்," என்றார் ஃபக்ருதீன், அவள் கேட்காமலே.

"கேமராவுக்கும் அங்க அடையாளம் இருக்கு போல. மூலையில மச்சம்," என்றான் வெள்ளைச்சாமி. "கேஸ் முடிஞ்சுபோச்சுக்கா. நான் இன்னும் போர்டைக்கூட மாட்டல."

தஸ்லிம் பூதக்கண்ணாடியை எறும்பின் முதுகுக்குக் கொண்டுபோனாள். அங்கே வட்டமாக ஒரு வெளிச்சம் பளிச்சென்று இருந்தது.

"இது என்ன பாய்?"

"ஃபிளாஷ். நேரா அடிச்சா பூச்சி வெளுத்துப்போயிடும். அதனால முன்னாடி வெள்ளையா ஒரு தடுப்பு வைப்போம். கடையில வாங்கினா கட்டுப்படியாகாது. ஆளாளுக்கு வீட்டுல கிடைக்கிறதை வெட்டி ஒட்டிக்குவோம். என்னோடது ஐஸ்கிரீம் டப்பா மூடி."

"அதான் வட்டம். பிரதாப்போடது?"

"தெர்மாகோல் துண்டு. கட்டமா விழும். ஏன் கேக்கறீங்க?"

"தெரிஞ்சுக்கத்தான். நீங்க வீட்டுக்குப் போங்க. விசாரணைக்கு முன்னாடி நானே வந்து லெட்டரைக் குடுக்கறேன்."

அவர் படியிறங்கும் சத்தம் தேய்ந்தபிறகு தஸ்லிம் பூதக்கண்ணாடியை வெள்ளைச்சாமியிடம் நீட்டினாள். "குளவி முதுகைப் பாரு."

அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான். "வெளிச்சம் வட்டமா இல்ல. வெறும் கட்டமாவும் இல்ல. குறுக்கே கோடு கோடா ஓடுது. அதுல ஒரு கோடு மட்டும் வளைஞ்சு கிடக்கு."

"கோடு இல்ல. கம்பி. ஃபிளாஷே போடாம, ஜன்னல் வெளிச்சத்துல எடுத்திருக்காங்க. ஜன்னல் அப்படியே முதுகுல விழுந்திருக்கு."

"காட்டுக்குள்ள யாருக்கா ஜன்னல் வச்சது? யானைக்குக் காத்து வரட்டும்னா?"

"வண்டியை எடு."

*

சிப்காட் கேட்டுக்கு எதிரே திம்மராயன் டீக்கடை. ஷிப்ட் முடிந்த கூட்டம் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஒரே நேரத்தில் டீ கேட்டுக்கொண்டிருந்தது. திம்மராயன் மூன்றிலும் "இருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மூலை பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தான் பிரதாப். ஒல்லியான உடம்பு. துவைத்துத் தேய்த்த சட்டை. விசாரணைக்குத் தயாராக வந்திருக்கிறான் என்று பார்த்ததுமே தெரிந்தது.

தஸ்லிம் தான் யார் என்று சொன்னாள். அவன் எழுந்து போகவில்லை.

"நான் திருடலீங்க. அதுக்கு மேல எதுவும் கேக்காதீங்க," என்றான்.

"கேக்கலைன்னா எங்களுக்குச் சாப்பாடு கிடையாது தம்பி," என்றான் வெள்ளைச்சாமி. சொல்லிவிட்டு ஒரு தட்டு சுண்டலுக்குச் சொன்னான்.

"உங்க ரூம்ல ஜன்னல் இருக்கா?" என்றாள் தஸ்லிம்.

பிரதாப் குழம்பினான். "ஜன்னலா? ஷீட் போட்ட லைன் ரூமுங்க. கதவைத் திறந்து போட்டாத்தான் காத்தே வரும். எதுக்குக் கேக்கறீங்க?"

"பெங்களூருக்குப் படம் அனுப்பினப்ப யார் பேரைச் சொன்னீங்க?"

அவன் டீ டம்ளரைச் சுற்றினான். "எந்தப் பேரும் சொல்லல. பேரு அப்புறமா சொல்றேன்னு சொன்னேன்."

"புதுப் பூச்சிக்கு உங்க பேரே வந்திருக்கும். அதை விட்டுட்டீங்க. வேலை போகப்போகுது. அதுக்கும் வாய் திறக்க மாட்டேங்கறீங்க. யாருக்கோ வாக்கு குடுத்திருக்கீங்க. அப்படித்தானே?"

அவன் டம்ளரைத் தள்ளி வைத்தான்.

"பாய் மேல கோபம் இல்லையா?"

"கோபம் இல்லக்கா." அவன் சட்டை மடிப்பைத் தடவினான். "மனசு விட்டுப்போச்சு, அவ்வளவுதான். ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாம். கேக்காம நேரா ஹெச்.ஆர்.க்குப் போயிட்டாரு. எல்லார் முன்னாடியும் என் லாக்கரை உடைச்சுப் பார்த்தாங்க. இந்தச் சட்டை, பெருநாளைக்கு அவங்க வீட்டுல எனக்கு எடுத்துக் குடுத்தது. இதைப் போட்டுக்கிட்டுதான் அவரு எதிர்ல போய்த் திருடன்னு நிக்கணும்."

வெள்ளைச்சாமிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அபூர்வமாக நடக்கிற விஷயம் அது. பேச்சு வராததால் சுண்டலில் கை வைத்தான். ஒரு பருப்பை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனான்.

பாதி வழியில் தஸ்லிம் அதைப் பிடுங்கினாள்.

"அக்கா, அது என்னோடது."

"இது என்ன?"

"மொச்சைக்கொட்டை."

தஸ்லிம் அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். பழுப்புத் தோல். ஓரத்தில் மேடாக எழும்பிய வெள்ளை மூக்கு. போனில் பிடித்து வைத்திருந்த குளவிப் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். குளவிக்குப் பின்னால் அதே வெள்ளை வரப்பு, மலை அளவுக்கு.

"வெள்ளைச்சாமி, காலையில நீ சொன்ன ஜோக்குதான் இந்தக் கேஸோட முதல் துப்பு."

"சம்பளத்துல சேர்த்துக்குங்க."

"குந்தாரப்பள்ளி பக்கம் ஒரு பயறு குடோன் கேஸ் பார்த்திருக்கேன். மூட்டை மூட்டையா வண்டு விழுந்து போச்சு. வண்டு பயறு மேல வெள்ளையா முட்டையை ஒட்டி வைக்கும். உன் தேங்காய்ப்பூ அதுதான். முட்டையில வர்ற புழு பயறுக்குள்ள ஓட்டை போட்டுப் போயிடும். அந்தப் புழுவைத் தேடிக்கிட்டு இந்த மாதிரிக் குட்டிக் குளவி வரும். பயறு சேர்த்து வைக்கிற இடத்துலதான் இது பொழைக்கும். ஜவளகிரி மரப்பட்டையில இதுக்கு என்ன வேலை?"

வெள்ளைச்சாமி தட்டைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், தட்டைத் தள்ளி வைத்தான்.

"ஆக, மொச்சை டப்பாவும் ஜன்னலும் இருக்கிற ஒரு இடம்," என்றாள் தஸ்லிம். "பாயோட கேமராவும் அங்க இருக்கணும்."

பிரதாப் எழுந்துவிட்டான். "அக்கா, விட்டுடுங்க. எனக்கு வேலை போனா வேற கம்பெனி இருக்கு. அவங்களுக்கு வேற வீடு இல்ல."

சொன்னபிறகுதான், எவ்வளவு சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே புரிந்தது.

*

ராயக்கோட்டை சாலையில் ஒரு சந்துக்குள் இருந்தது ஃபக்ருதீன் வீடு. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர், தஸ்லிமைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"லெட்டர் கொண்டாந்துட்டீங்களா?"

"கொண்டாந்திருக்கேன். ஒரு சின்ன சந்தேகம் மட்டும்."

கூடத்துச் சுவர் முழுக்கப் பூச்சிப் படங்கள், சட்டம் போட்டு மாட்டியவை. வண்டு, தத்துக்கிளி, இலைப்பேன், பெயர் தெரியாத இன்னும் எத்தனையோ. ஒவ்வொன்றின் கீழும் 'ஃபக்ருதீன், ஜவளகிரி' என்று எழுதியிருந்தது. நடுவில் இருந்த சிவப்பு வண்டுக்குப் பக்கத்தில் முதல் பரிசுக் கேடயம்.

தஸ்லிம் சுவரோரமாக மெல்ல நடந்தாள். இடது பக்கத்துப் பழைய படங்களில் பூச்சிகளின் முதுகில் வட்டமாக வெளிச்சம். ஐஸ்கிரீம் டப்பா மூடி. ஓரிடத்தில் அது நின்றுபோனது. அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு முதுகிலும் ஒரு ஜன்னல்.

சிவப்பு வண்டின் முதுகிலும் ஜன்னல் இருந்தது. கம்பி கம்பியாக. ஒரு கம்பி வளைந்து.

"காட்டுல எடுத்ததுன்னு போட்டிருக்கே பாய்," என்றான் வெள்ளைச்சாமி. "இத்தனை பூச்சியும் ஒரே வீட்டுல வாடகைக்கு இருந்துச்சா?"

ஃபக்ருதீன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "காட்டுல இருந்து டப்பாவுல பிடிச்சாந்து வீட்டுல வெச்சு எடுப்பேன். அதுல என்ன தப்பு? என் வீடு. என் கேமரா."

"கேமராவைப் பிடிச்ச கை யாரோடது?"

 அவர் கைகள் தாமாக முதுகுக்குப் பின்னால் போயின.

தஸ்லிம் சமையலறை வாசலுக்குப் போனாள். மேற்கு வெயில் ஜன்னல் வழியாக மேடையில் விழுந்துகொண்டிருந்தது. ஜன்னலில் ஒரு கம்பி வளைந்திருந்தது. அதற்குக் கீழே மொச்சை டப்பா. பக்கத்தில், முறத்தில் பாதி புடைத்த பயறு. முறத்தைப் பிடித்தபடி நின்றாள் ஃபக்ருதீனின் மனைவி காத்தூன்.

"உள்ள வாம்மா," என்றாள். "எப்படியும் யாராவது வருவீங்கன்னு தெரியும்."

"காத்தூன், நீ பேசாம இரு," என்றார் ஃபக்ருதீன் கூடத்திலிருந்து.

"இத்தனை நாள் பேசாமத்தானே இருந்தேன்." அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "இன்ஸ்பெக்டர் ஆகறதுக்கு முன்னாடி கிரைண்டிங் மெஷின்ல நின்னு நின்னு இவங்களுக்குக் கை நடுக்கம் வந்துடுச்சும்மா. ஒரு படம்கூட நிக்கல. ஞாயித்துக்கிழமை பூச்சியைப் பிடிச்சாந்துட்டு, படம் கலங்குது கலங்குதுன்னு கேமராவை வெச்சுக்கிட்டு அழுவாங்க. பார்க்க சகிக்காம, குடுங்க நான் எடுக்கறேன்னு வாங்கினேன். எனக்கு அந்த ஃபிளாஷ் எல்லாம் வராது. பகல்ல இவங்க வேலைக்குப் போனதும், இந்த ஜன்னலாண்ட வெச்சு எடுப்பேன்."

"எப்படி எடுக்கணும்னு சொல்லிக் குடுத்தது நான்," என்றார் ஃபக்ருதீன்.

"நீங்கதான். இல்லேங்கல. பூச்சியும் நீங்க கொண்டாந்தது. அதான் பேரும் உங்களுதாவே இருக்கட்டும்னு விட்டேன். பரிசு வாங்கும்போது பின் வரிசையில உக்கார்ந்து கைதட்டினேன். ஆனா இந்தக் குளவி நீங்க கொண்டாந்தது இல்லீங்க. மொச்சை புடைக்கும்போது நான் பார்த்தது. என் டப்பாவுல பொறந்தது."

அவள் தஸ்லிமின் பக்கம் திரும்பினாள்.

"இது ஒண்ணை மட்டும் என் பேர்ல அனுப்பலாமான்னு கேட்டேன். சமையல்கட்டுப் பூச்சியை யாருடி பார்ப்பான்னு சிரிச்சாங்க. அதான், பிரதாப் வந்தப்ப கார்டை எடுத்து நானே குடுத்தேன். யாருகிட்டயும் சொல்லாதே தம்பின்னு சொன்னேன். அந்தப் பையன் சொல்லவே இல்ல."

"பெங்களூர் அம்மா புது இனம்னு சொன்னதும் சமையல்கட்டுப் பூச்சி காட்டுப் பூச்சியாயிடுச்சு," என்றான் வெள்ளைச்சாமி. அவன் குரலில் இப்போது கிண்டல் இல்லை.

தஸ்லிம் கைப்பையிலிருந்து தான் எழுதிய லெட்டரை எடுத்தாள். படம் ஃபக்ருதீனின் கேமராவில் எடுத்தது என்று அதில் இருந்தது. ஒவ்வொரு சொல்லும் உண்மை. அந்த உண்மையை வைத்து ஒருவனைத் திருடனாக்க இந்த ஆள் தன்னைக் கருவியாக்கப் பார்த்ததை நினைத்தபோது அவளுக்கு வாய் கசந்தது. லெட்டரை இரண்டாகக் கிழித்தாள்.

"கம்பெனி லாக்கர்ல திருட்டு எதுவும் நடக்கல. சரிதானே பாய்?"

ஃபக்ருதீன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும் மேடம்? கார்டைக் காணோம். அவன் போன்ல படம் இருக்குது. வேற என்ன நினைப்பேன்? இவ குடுத்திருப்பான்னு நான் கனவா கண்டேன்?" கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "சரி, விவரம் தெரியாம நடந்துபோச்சு. பிரதாப் நம்ம பையன். கம்ப்ளெயின்ட்டை வாபஸ் வாங்கிடறேன். தப்பா நினைச்சுட்டேன்னு சொன்னா அவன் புரிஞ்சுக்குவான்."

வெள்ளைச்சாமி பெருமூச்சு விட்டான். "அப்பாடா. அந்தப் பையன் வேலை பொழைச்சுது. கோபத்துல பண்ணினது, விடுங்கக்கா."

 தஸ்லிம் காத்தூனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காத்தூன் அடுப்பை அணைத்தாள். கையைக் கழுவினாள். ஆணியில் தொங்கிய புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டாள். வாசலில் செருப்பைத் தேடியபடி, கணவரின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"கம்ப்ளெயின்ட் எழுதறதுக்கு முந்தின ராத்திரியே எல்லாத்தையும் இவங்ககிட்ட சொல்லிட்டேன்மா, காலையில பேப்பர் எடுத்து உக்கார்ந்தப்ப பெங்களூருக்கு என் பேரைத்தான் எழுதப் போறாங்கன்னு நினைச்சு, பேனா எடுத்துக் குடுத்ததும் நான்தான்."